எட்டாம் நம்பர் பிட்

“வாங்கிக் குடுத்து மூணு மாசம் ஆகலை. அதுக்குள்ள ஸ்க்ரூ தலையக் கடிச்சுத் துப்பி வச்சிருக்க.”

“நான் எங்க கடிச்சேன்? ஸ்க்ரூவே மட்டம்.”

“ஸ்க்ரூ மட்டமா, உன் கை மட்டமா? இரு, எங்க அக்காகிட்டயே கேப்போம்.”

அக்கா நான்தான். என்னைக் கேட்டார்கள். ஆக, இந்த விஷயத்துக்குள் நான் வந்ததே அவர்கள் கூப்பிட்டு வந்ததுதான் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

கல்யாணம் நிச்சயமான பெண்ணும் பையனும் சண்டை போட ஊரில் எத்தனையோ விஷயம் இருக்கிறது. இதுகள் இரண்டும் ஒரு திருகாணிக்காக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. மூன்றாம் மாடி டீச்சர் காயாத துணியை எடுக்கிற சாக்கில் பால்கனிக்கு வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

பையன் கேபிள் இழுக்கிற வேலை. எந்நேரமும் தோளில் ஏணியோடு திரிவதால் எங்கள் கட்டிடத்தில் அவனுக்கு ‘ஏணி’ என்றே பெயர். ஆள் நல்லவன்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான். என்னையும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். என் தங்கை அவனுக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கிக் கொடுத்திருந்தாள். கேபிளின் தோலை உரிக்க அதைத்தான் வைத்திருந்தான். அலகு மடங்குகிற இடத்தில் இருக்கும் அச்சுத் திருகாணி கொஞ்சம் தளர்ந்ததும், நடைபாதையில் திருப்புளியில் மாட்டுகிற முனை, அதாவது பிட், பத்து ஒரே டப்பாவில் விற்பார்களே, அதில் ஒன்றை வைத்துத் திருகியிருக்கிறான். திருகாணியின் தலையில் இருந்த நட்சத்திரக் குழி வட்டமாகிவிட்டது.

என் வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஹார்டுவேர் கடையில் பத்தொன்பது வருஷமாகக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். தெருவில் நடப்பது எனக்கு எப்படித் தெரிகிறது என்று எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள். நான் யார் வீட்டு ஜன்னலிலும் எட்டிப் பார்த்ததில்லை. ஒருத்தர் அவசரமாகப் புதுப் பூட்டு வாங்கினால் அவர் வீட்டை விட்டு யாரோ சாவியோடு போயிருக்கிறார்கள். பெட்டிச் சக்கரம் மாற்ற வந்தால் யாரோ போகப்போகிறார்கள். கடைக்கு வந்து அவர்களே சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் என்ன, காதையா கழற்றி வைக்க முடியும்?

அன்றைக்கு ஏணியை உட்கார வைத்து நல்ல பிட் எது என்று சொல்லிக் கொடுத்தேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் தபால் பிரிக்க நீங்கள் மேசையில் வைத்திருக்கிற மடக்குக் கத்தியின் திருகாணியும் அதே கதியில்தான் இருக்கிறது. பளபளப்பைப் பார்க்காதீர்கள். மட்டமான பிட்டுக்குத்தான் பூச்சு அதிகம். நுனியைப் பாருங்கள். ஆறு முனையும் அறுத்து எடுத்த மாதிரி நிற்க வேண்டும். நக்கித் தேய்ந்த மிட்டாய் மாதிரி உருண்டிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் அளவு. இந்த மாதிரிக் கத்திகளில் பெரும்பாலும் அச்சுக்கு எட்டாம் நம்பர், பிடிக்கு ஆறாம் நம்பர். ஆறை எட்டுக்குள் விட்டாலும் உள்ளே போகும், திரும்பவும் செய்யும், அதுதான் ஆபத்து. சரியான பிட்டைத் திருகாணியில் செருகிக் கத்தியைத் தலைகீழாகப் பிடித்தால் அது கீழே விழாது. கையை எடுத்துவிட்டுப் பார்க்கலாம். அப்படிப் பிடிக்கிற பிட் கழற்றினாலும் மாட்டினாலும் ஒரு கீறல் வைக்காது. யாரோ திறந்தார்கள் என்றே தெரியாது.

கடித்த திருகாணியை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது மாட்டிக் கொடுத்தேன். என்னிடம் இருந்த எட்டாம் நம்பரிலும் ஆறாம் நம்பரிலும் வகைக்கொன்றாக இரண்டு பிட்டைத் தங்கையிடம் கொடுத்து, “இவன்கிட்டக் குடுக்காத, தொலைச்சிருவான். உன் தையல் பெட்டியில வச்சுக்க” என்றேன். அவள் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஏணி ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து அந்தத் திருகாணியை இறுக்குவான். தேவையே இருக்காது, இருந்தாலும் இறுக்குவான். அவன் இறுக்கினால் அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மடக்கிய கத்தியை மேலிருந்து பார்த்தால் அலகு பிடியின் இடது தகட்டில் உரசிக்கொண்டு நிற்கும். “என்ன தம்பி, உன் கத்தி எப்பப் பாரு சுவரோரமாவே நடக்குது?” என்று நான் கேட்பேன். தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவளுக்கு ஒன்பது வயதாகும்போது எங்கள் அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். எனக்கு இருபது. அன்றிலிருந்து அவளுக்குத் தலை சீவிவிட்டது, பள்ளிக்கு அனுப்பியது, காய்ச்சலுக்கு விழித்தது எல்லாம் நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கணக்காகவும் சொல்லவில்லை. அவளுக்கு மூக்கில் தூசி பட்டால் உடம்புக்கு ஆகாது, தனியாக இருந்தால் சாப்பிட மறந்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். ஏணிக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

பிறகு ஏணிக்கு வேறு ஊரில் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை வந்தது. கையால் செய்து காட்டுகிற தேர்வு ஒன்று மட்டும் பாக்கி. அது முடிந்ததும் கல்யாணம், கையோடு இரண்டு பேரும் கிளம்பிவிடுவதாகப் பேச்சு. தங்கை என்னிடம், “வாரம் ஒருதடவை பேசுறேன்க்கா” என்றாள். வாரம் ஒருதடவை. நான் சரி என்றேன். பெட்டிக்குப் புதுச் சக்கரம்கூட என் கடையிலிருந்து நானே கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தேன்.

கல்யாணத் தேதியை அவளைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டான் என்று ஒரு சாயங்காலம் மாடிப்படியில் இன்னொரு சண்டை. இந்தத் தடவை டீச்சர் துணி எடுக்கிற சாக்குக்கூடத் தேடவில்லை, நேராகப் படியிலேயே வந்து நின்றார்.

“என்னைக் கேக்கணும்னு தோணலல்ல? உன் கை விளங்காமப் போக” என்றாள் தங்கை.

“அப்படியா? இந்தா, உன் கத்திய நீயே கட்டிட்டு அழு” என்று கத்தியை எங்கள் வாசலில் வீசிவிட்டு ஏணி இறங்கிப் போனான்.

கோபத்தில் சொன்னது. அவர்கள் இரண்டு பேருக்கும் கோபம் மூன்று நாள் தாங்காது என்பது கட்டிடத்துக்கே தெரியும். அந்த மூன்று நாளும் கத்தி எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது.

புதன்கிழமை மதியம் எங்கள் கடைக்கு அரை நாள் விடுமுறை. தங்கை பள்ளிக்கூட ஆபீஸில் வேலையில் இருந்தாள். நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி, மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தேன். எனக்கென்று இருக்கிற எட்டாம் நம்பரையும் ஆறாம் நம்பரையும் எடுத்தேன். கத்தியைக் கழற்றினேன். திறந்த அலகு மடங்காமல் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு மெல்லிய தகடு உண்டு. அதை ஒரு நூல் அளவு பின்னால் வளைத்தேன். சும்மா விரித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பலமாக அழுத்தி வெட்டும்போதுதான் தகடு வழுக்கும். பிறகு எல்லாவற்றையும் துடைத்து, சொட்டு எண்ணெய் விட்டு மாட்டினேன். மொத்தம் அரை மணி நேரம். நடுவில் ஒரு தடவை எழுந்து அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ராசியாகிவிட்டார்கள். தங்கை தன் கையாலேயே கத்தியை அவனிடம் கொடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேலை இருந்தது, திருகாணியை இறுக்க வரவில்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவன் ஏணியின் மேல் நின்று தடித்த கேபிள் ஒன்றை வெட்டும்போது கத்தி மடங்கியது. வலது கையில் இரண்டு விரல். ஒன்றை எடுத்துவிட்டார்கள். மற்றொன்று இருக்கிறது, ஆனால் மடங்காது.

தேர்வு தள்ளிப்போகும், அவ்வளவுதான் நான் நினைத்தது. கொஞ்சம் நிதானமாக யோசிக்க அவளுக்கு நேரம் கிடைக்கும் என்று. ஆனால் அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலை விட்டு அசையவில்லை. “ஒரு கை போனா என்ன, எனக்கு ரெண்டு கை இருக்குல்ல” என்றாளாம். பக்கத்துக் கட்டிலில் டீச்சரின் கொழுந்தனார் படுத்திருந்தார், அவர் சொல்லித்தான் தெரியும். கல்யாணத்தைத் தள்ளிவைக்காமல் முன்னாலேயே நடத்திவிடலாம் என்று வேறு பேசியிருக்கிறார்கள்.

அந்த வாரம்தான் நீங்கள் என் கடைக்கு வந்தீர்கள். கம்பெனிக்காரர்கள் அறிக்கை கேட்கிறார்கள், கருவி பழுதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று உறைக்குள்ளிருந்து கத்தியை எடுத்துக் காட்டினீர்கள். பழையது, தேய்ந்துவிட்டது என்று நான் சொல்லியிருந்தால் நீங்கள் டீ குடித்துவிட்டுப் போயிருப்பீர்கள். ஆனால் நான் பொய் சொல்லிப் பழகவில்லை. கத்தியைக் கழற்றாமலே இடுக்கு வழியாகப் பார்த்து, தகட்டை யாரோ வளைத்திருக்கிறார்கள் என்றேன். எப்படித் திறந்திருப்பார்கள் என்று கேட்டீர்கள். லென்ஸில் திருகாணியைக் காட்டினேன், ஒரு கீறல் இல்லை. மட்டமான பிட்டால் இது முடியாது, நல்ல எட்டாம் நம்பர் வேண்டும் என்றேன். அப்படி ஒன்று யாரிடம் இருக்கிறது என்று கேட்டீர்கள். கேட்டதற்குப் பதில் சொன்னேன்: “எங்கிட்ட இருக்கு சார். என் தங்கச்சிக்கு ஒண்ணு குடுத்தேன். அவ தையல் பெட்டியில வச்சிருப்பா.”

இதில் எது பொய், சொல்லுங்கள். என் பிட்டை எடுத்துக் காட்டக்கூட நான் தயார். நீங்கள்தான் கேட்கவில்லை.

மற்றதை டீச்சர் பார்த்துக்கொண்டார். படியில் கேட்ட சாபத்தை அவர் உங்களிடம் சொல்லும்போது அழுதார் என்று கேள்வி. தங்கையை மூன்று நாள் கூப்பிட்டு விசாரித்தீர்கள். நிரூபிக்க முடியாமல் விட்டுவிட்டீர்கள். ஆனால் ஏணியின் அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஏணி மட்டும் ஒருநாள் வந்தான். கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்று, “நீயா?” என்று கேட்டான். தங்கை அவன் முகத்தையே பார்த்தாள். அவன் அப்படிக் கேட்டதே போதும் என்று கதவைச் சாத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் வேலையும் போயிற்று. அவளை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நான் இருக்கேன்ல” என்று மட்டும் சொன்னேன். நாலு வருஷம் வேளாவேளைக்குச் சோறு போட்டேன். இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று டீச்சரே சொன்னார்.

போன மாதம் உங்கள் ஸ்டேஷனிலிருந்து கத்தியைத் திருப்பி அனுப்பினீர்கள். ஏணியின் விலாசம் கிடைக்கவில்லையாம், ரசீது தங்கையின் பேரில் இருந்ததாம். முத்திரை போட்ட உறை, நாலு வருஷமாக யாரும் கை வைக்காதது. தங்கை பிரித்தாள். மடக்கிய கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நடுவுல நிக்குதுக்கா” என்றாள்.

ஆமாம். இரண்டு தகட்டுக்கும் நட்ட நடுவில், மயிரிழை பிசகாமல் நின்றது. ஏணி கை வைத்தால் ஓரமாகத்தான் சாயும். தங்கைக்குத் திருகவே வராது. நடுவில் நிறுத்துகிற கை எங்கள் தெருவில் ஒன்றுதான்.

அவள் எழுந்தாள். நான் மாட்டிக் கொடுத்த சக்கரம் உள்ள பெட்டியை எடுத்துத் துணியை அடுக்கினாள். தையல் பெட்டியைத் திறந்து அந்த இரண்டு பிட்டையும் மேசையில் கத்திக்குப் பக்கத்தில் வைத்தாள். “நீ போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?” என்று கேட்டாள். ஒரு மாதம் ஆனாலும் நானே வந்துவிட்டேன். எனக்கு அவளை அலைய விட மனசில்லை.

ஏணி, ஆஸ்பத்திரியில் தன் கைக்குப் பயிற்சி கொடுத்த பெண்ணையே கட்டிக்கொண்டு கடலோர ஊர் ஒன்றுக்குப் போய்விட்டான். ஒரு பெண் குழந்தை என்று கேள்வி. டீச்சர் மகன் வீட்டோடு போய்விட்டார், மூன்றாம் மாடியில் இப்போது யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள், ஜன்னலே திறப்பதில்லை. தங்கை எந்த ஊருக்குப் போனாள் என்று எனக்குச் சொல்லவில்லை. வாரம் ஒருதடவைகூடப் பேசுவதில்லை.

எங்கே தப்புச் செய்தேன் என்று இந்த ஒரு மாதமும் யோசித்துப் பார்த்தேன் சார். அலகைக் கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்த்து வைத்திருக்க வேண்டும்.