மாறாது என்று நான் முடிவுசெய்த வரி

ஒரே வேலையை இரண்டு தடவை செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிறார்களே, அவர்களைச் சொல்கிறேன்.

கலிபோர்னியாவின் சன்னிவேலில் பத்தொன்பது வருடம் இரட்டை வேலையை ஒழிப்பதுதான் என் பிழைப்பே. மனிதர்கள் எழுதும் நிரலைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது கம்பைலர். அதில் சுற்றுகள் என் பொறுப்பு. அதாவது, லட்சம் தடவை திரும்பத் திரும்ப ஓடும் வரிகள். சுற்றுக்குள் மாறாத ஒன்றை ஒவ்வொரு தடவையும் ஏன் பார்க்க வேண்டும்? வெளியே தூக்கி வைத்து ஒரே தடவை பார்த்தால் போதும். ‘இது எப்போது வேண்டுமானாலும் மாறும், தொடாதே’ என்று எழுதியவர் குறி போட்டிருந்தால் மட்டும் கம்பைலர் கைவைக்கக் கூடாது.

ஒரு வருடம் கம்பைலர்களுக்கு நடந்த வேகப் போட்டியின் சோதனை நிரலில், எந்தப் புண்ணியவானோ முக்கியமான சுற்றிலேயே அந்தக் குறியைப் போட்டிருந்தான். நான்கு சதவீதம் பின்தங்கினோம். குறியைக் கண்டுகொள்ளாதபடி கம்பைலரை மாற்றினேன். முதலிடம் எங்களுக்கு என்றாகிவிட்டது.

பக்கத்து மேசை அடீல் கப்ஃபர் மட்டும், "சுத்தப் பித்தலாட்டம்யா, வெர்னன்" என்றாள்.

"முடிவு அச்சாகட்டும், எடுத்துடறேன்" என்றேன். ஆறு வாரம்தான்; அதுவரை வாடிக்கையாளர்களுக்கும் அதே கம்பைலர்தான் போகும்.

இரண்டாவது வாரம் மினசோட்டாவிலிருந்து பர்ல் ஸ்டாங்லண்ட் கூப்பிட்டார். நோயாளிகளுக்கு நரம்பில் மருந்து ஏற்றும் பம்புக்கு நிரல் எழுதுபவர்.

"சார், குழாய்ல காத்துக் குமிழி வந்தா பம்பு நிக்கணும். உங்க புது கம்பைலர் போட்டதுலேருந்து நிக்க மாட்டேங்குது. ஆரம்பத்துல ஒரு தடவ பாக்குது, அப்புறம் பாக்கவே இல்ல. ஒரு அம்மா போயிட்டாங்க சார்."

"குறி போட்டீங்களா?"

"போட்டிருக்கேனே."

"நல்லாப் பாருங்க. உங்க பக்கம்தான் இருக்கும்."

எங்கள் தொழிலில் கம்பைலர் மேல் பழி போடுகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். கற்றுக்குட்டிகளின் பேச்சு அது. பர்ல் கற்றுக்குட்டி இல்லை. ஆகவே தன் நிரலைத்தான் துருவுவார் என்று எனக்குத் தெரியும். காரணம் தெரியாமல் பம்புகளைப் புழக்கத்திலிருந்து நிறுத்த அவருடைய கம்பெனி சம்மதிக்கவில்லை.

ஐந்தாவது வாரம் மறுபடி கூப்பிட்டார்.

"இன்னும் ரெண்டு பேர் சார். தப்பு எங்கிட்டதான் இருக்கணும், என்னன்னுதான் புரியல. உங்க நேரத்த வேற வீணாக்கறேன். மன்னிச்சிருங்க."

முடிவு அச்சேற எட்டு நாள் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பம்புகள் நின்றிருக்கும். ஆனால் மனிதர் அவ்வளவு தூரம் கேட்கிறார்; கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மன்னித்துவிட்டேன்.