சீரியலில் வரும் டமார்

வேலை தேடி அலைந்த நாட்களில் ஒரு காலை, சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் இருந்தேன். முன் சீட்டில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் இருவர். ஜன்னலோரம் இருந்த மூத்தவர் சொன்னார்:

"எம் மகன் போடுற மியூசிக்கக் கேட்டு ஊரே தெருவுக்கு ஓடி வந்துச்சு, செல்வி."

"அம்புட்டு நல்லாவா போடுறாரு மதினி?"

"நீ வேற. சீரியல்ல மாமியா மொறச்சா டமார்னு ஒரு சத்தம் வைக்கான். அச்சங்குளத்துல எந்தக் கம்பெனி வெடிச்சிருச்சோன்னு எல்லாரும் வெளிய வந்து பொகையத் தேடுனாக."

"கொறைக்கச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேனே. திருவிழாக் கச்சேரில கீபோர்டு வாசிச்சவன், மெட்ராசுல வருசக்கணக்கா சும்மா அலைஞ்சான். இந்த டமாருதான் சோறு போடுதாம். இதக் கேட்டுத்தான் இப்ப சினிமாவுக்கும் கூப்பிட்டிருக்காகளாம்."

"அப்ப தெனமும் ஓட்டந்தானா?"

"இல்ல, பழகிருச்சு. இப்ப ஒருத்தரும் எந்திரிக்கிறதில்ல. போன வாரம் சீரியல் நேரத்துல ஒரு கம்பெனி நெசமாவே வெடிச்சுச்சு. அப்பவும் எந்திரிக்கல."

"ஐயய்யோ! ஆளு?"

"அதுக்குள்ள வேல முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்கு வந்தாச்சு. மருந்து ஷெட்டு மட்டும் போச்சு."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"மகன்ட்ட சொன்னீகளா மதினி?"

"ராத்திரியே போன் போட்டு அழுதேன்."

"என்ன சொன்னாரு?"

"சத்தம் எப்படிம்மா இருந்துச்சுன்னு கேட்டான்."