நன்றி சொல்லாத கார்ப்பரல்

பகல் ஒன்றரை மணி. இரவு இல்லை... பகல். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று நினைப்பவர்கள் சாக்கோ என்னும் எங்கள் வறண்ட முட்காட்டில் ஒரு மதியத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். நாற்பத்து மூன்று டிகிரி. ஆற்றுத் துறையிலிருந்து கோட்டைக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வெள்ளைப் புழுதிச் சாலை. அந்த நேரத்தில் மனிதன், மாடு, ஈ எல்லாம் நிழல் பார்த்துச் சுருண்டுவிடும். சாலையில் ஊர்வது பாம்பு மட்டும்.

இன்னும் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கறிச் சட்டியை மூடி வையுங்கள். இந்தக் கதைக்கு அந்த வாசனை ஆகாது.

என் கூட்டாளி பெலிசியானோவின் சின்னம்மா நிமியாவுக்கு நடந்தது இது. படையில் மருந்தாளுநர். சார்ஜண்ட். அந்தக் கோட்டையில் பதினோரு வருடம். கோட்டை என்றதும் மதிலும் அகழியும் நினைக்க வேண்டாம். நான்கு தகரக் கொட்டகை, ஒரு கொடிமரம், ஒரு கர்னல்... அவ்வளவுதான் கோட்டை. நான்காவது கொட்டகை மருந்தகம். மருந்து கொடுக்க ஒரு மரச்சன்னல். உள்ளே மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டி ஒன்று. தொண்ணூறு கிலோமீட்டருக்குள் குளிர்ச்சியான ஒரே பொருள் அது. அதற்குள் பாம்புக்கடி சீரம். தினமும் காலையில் பெட்டியின் வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருடத்தில் அவள் ஒரு நாளும் தவறியதில்லை.

அவளுடைய எட்டு வயது மகள் தலைநகரில் அக்கா வீட்டில் வளர்ந்தாள். தொலைபேசியில் அம்மாவை “சார்ஜண்ட்” என்றுதான் கூப்பிடுவாள். நிமியாவுக்குத் தலைநகர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் உத்தரவு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அது கர்னல் ரெகால்தேயின் மேசை இழுப்பறையில் தூங்கியது.

இந்த ரெகால்தே, கொடி ஏற்ற மூன்று நிமிடம் எடுத்துக்கொள்வார், அதைப் பற்றிப் பேச நாற்பது நிமிடம். போரையே பார்க்காத மார்பில் ஒன்பது பதக்கம். அவர் பெயர் கொண்ட புனிதரின் திருநாள் விருந்துக்கு அரை மாடு வந்து இறங்கியது. நேராக மருந்தகத்துக்குத் தூக்கி வந்தார்கள்.

“கர்னல் ஐயா, உள்ள சீரம் இருக்கு. வெளிய வெச்சா வீணாப் போயிடும்.”

“ஒரே ஒரு நாள், சார்ஜண்ட். இது என்ன சாதாரண மாடா? ஜெனரல் தோட்டத்து மாடு. அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?”

மாட்டுக்கு மரியாதை நான்கு நாள் நடந்தது. சீரம் நான்கு நாளும் தகரக் கூரைக்குக் கீழே வெந்தது. கறி தீர்ந்த பிறகு பெட்டியைத் திறந்தாள்... அடித்தட்டில் உறைந்த ரத்தம், மேலே பச்சை ஏடு. ஏட்டில் ஒட்டிய மாட்டு முடி. கரண்டியால் சுரண்டி எடுத்தாள். இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு மறுபடி சுரண்டினாள். சீரக் குப்பிகள் மரவள்ளி வேகவைத்த தண்ணீர்போலக் கலங்கியிருந்தன. புதிது கேட்டுக் கடிதம் எழுதினாள். அதுவும் இழுப்பறைக்குப் போனது. பதிவேட்டில் அந்த நான்கு நாள் வெற்றுக் கட்டங்கள்.

அதற்குப் பிறகு பாம்பிடம் கடிபட்டவன் தொரிபியோ. கார்ப்பரல், லாரி ஓட்டுநர், நாற்பத்தைந்து வயது, முன்பல் இரண்டு கிடையாது. தினமும் மதியத் தூக்கம் முடிந்ததும் மூலிகைத் தூள் அடைத்த மாட்டுக்கொம்புக் குவளையோடு மருந்தகச் சன்னலுக்கு வருவான். நிமியா ஐஸ் தண்ணீர் ஊற்றுவாள். ஒரே குழாயில் இருவரும் மாறி மாறி உறிஞ்சுவார்கள். அவளை அவன் மரியாதையாக ‘ஞா’ போட்டுத்தான் கூப்பிடுவான்.

“ஞா நிமியா, உங்க மாத்திரை எல்லாம் நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு ஐஸ் போதும். இந்தப் படையில ஒழுங்கா வேலை செய்யறது அது ஒண்ணுதான்.”

கர்னலுக்கு பீர் வாங்கப் போன இடத்தில் டயர் மாற்றக் குனிந்திருக்கிறான். பகல் ஒன்றரை மணி. கொண்டுவந்து கிடத்தும்போது கால் கத்தரிக்காய்போலக் கறுத்துப் பளபளத்தது. வேறு மருந்து இல்லை. கலங்கிய குப்பிகளில் ஒன்பதை ஏற்றினாள். ஈறிலிருந்து ரத்தம். தோல் வெடித்து நீர். அறை முழுக்க ஊசிப்போன வாடை... பொழுது சாயும்போது முடிந்துவிட்டது.

இதயம் நின்றதால் மரணம் என்று கர்னல் எழுதினார்.

“எல்லாருக்கும் கடைசியில நிக்கிறது அதுதானே, கர்னல் ஐயா?” என்றாள் நிமியா.

கர்னல் கதவைச் சாத்தினார்.

“வாயை அடக்கு. வெள்ளிக்கிழமை மருந்தகத்தைச் சோதிக்கத் தலைநகர்லேர்ந்து ஒரு டாக்டர் இன்ஸ்பெக்டரா வர்றார். அந்த நாலு கட்டத்துலயும் நாலு டிகிரின்னு எழுதிக் கையெழுத்துப் போடு. மாற்றல் உத்தரவு அன்னிக்கே உன் கையில. மாட்டேன்னா... பெட்டிச் சாவி யார்கிட்ட இருந்துச்சு? ஊசி போட்டது யாரு? நீயே யோசிச்சுக்கோ.”

போட்டால் மகள். போடாவிட்டால் சிறை. பேனாவைத் திறந்தாள், மூடினாள். திங்கட்கிழமை மதியம் முழுக்க இதே வேலை.

அப்போது... சன்னலில் டொக், டொக்.

முதலில் வந்தது வாடை. பெட்டிக்குள் இருந்த அதே வாடை. பிறகு சன்னல் பலகைமேல் ஒரு கை. விரல்கள் ரத்தம் அடைத்த குடல்போல வீங்கி, நகம் தெரியாமல் புதைந்து... கொம்புக் குவளையை உள்ளே தள்ளியது. கை பழக்கம் பாருங்கள், பயப்படுவதற்கு முன்பே அவள் ஊற்றிவிட்டாள். குவளை வெளியே போனது. சர்ர்ர்... க்ளக். திரும்பி வந்தது. குழாய் நுனியில் ஒரு கறி நார்.

எங்கள் ஊரில் ஊற்றத் தொடங்கியவர் நிறுத்தக் கூடாது. குடிப்பவர் ‘நன்றி’ என்று சொன்னால்தான் போதும் என்று பொருள். சொல்லாதவரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவன் சொல்லவில்லை. பதினான்கு குவளை. தண்ணீர் தீர்ந்த பிறகு வெளியிலிருந்து ஒரு குரல். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

“குளிர்ச்சியே இல்லையே, ஞா நிமியா.”

செவ்வாயும் வந்தான். புதனும். வியாழனும். அவள் தினமும் ஊற்றினாள். நான்கு கட்டங்களும் வெறுமையாகவே இருந்தன.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்று தட்டுக் கறி சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று, ஊரே தூங்குகிற மதிய நேரத்தில் மருந்தகத்துக்கு வந்தார். கர்னல் ஒன்பது பதக்கத்தோடு உரையைத் தொடங்கினார். “தாய்நாட்டின் ஒவ்வொரு மாத்திரையும்...”

டொக், டொக்.

நிமியா அசையவில்லை. கர்னலே சன்னலைத் திறந்தார். குவளை வந்தது. அவர் கையைப் பார்க்கவில்லை. கீழே இருப்பவனின் கையைப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

“பாத்தீங்களா டாக்டர்? என் சிப்பாய்ங்களுக்கும் எனக்கும் ஒரே குவளை!”

உறிஞ்சினார். முகம் கோணியது. கன்னம் உப்பியது. இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருக்க எப்படித் துப்புவது? கண்ணில் நீர் வர விழுங்கினார். கர்னல் பெரிய பட்டணத்து மனிதர் இல்லையா... முதல் குவளைக்கே அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார். ஏன் தனக்கு அடுத்தது வருவதில்லை என்று இத்தனை வருடமாக அவருக்குப் புரிந்ததும் இல்லை. அன்றும் குவளையை நீட்டிச் சொன்னார்:

“நன்றி.”

வெளியே ஒரு சிரிப்பு. முன்பல் இல்லாத வாயின் சிரிப்பு. நிமியா எட்டிப் பார்த்தாள். புழுதியில் காலடி இல்லை.

இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் புரட்டினார், நான்கு வெற்றுக் கட்டத்துக்குக் கீழே “எல்லாம் ஒழுங்கு” என்று எழுதினார், போய்விட்டார்.

அன்று மாலையிலிருந்து கர்னலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. வாயில் வைப்பார், மூக்கு வழியாகத் திரும்பும். பச்சையாக. வாடையோடு. ஞாயிறு காலை நாக்கு பழைய பூட்ஸ் தோல்போல வெளியே கிடந்தது. இழுப்பறையைத் தானே இழுத்தார்.

“இந்தா மாற்றல்... கையெழுத்துப் போட்டுட்டேன். உன் கையால ஊத்து. நீ ஊத்தினா இறங்கும்.”

நிமியா பதிவேட்டை விரித்தாள். அவர் கண்முன்னாலேயே நான்கு கட்டத்திலும் எழுதினாள்: பெட்டியில் அரை மாடு, கர்னல் உத்தரவு. சீரம் வெளியே.

“இதுலயும் போடுங்க, கர்னல் ஐயா.”

போட்டார். அவள் சொன்னபடி ஊற்றினாள். ஏமாற்றவில்லை. தொண்டைவரை போன தண்ணீர் ஒரு விக்கலோடு அவள் சட்டைமேல் வந்து விழுந்தது. கூடவே நார்.

தலைநகருக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். துணைக்கு நிமியா. லாரியில் அவரைக் கிடத்தி, நரம்பில் ஊசி குத்தி, உப்புநீர் பாட்டிலைக் கம்பியில் மாட்டினாள். மாற்றல் உத்தரவு சட்டைப்பையில், பதிவேடு தொடைக்குக் கீழே. புழுதி... வெயில்... முதல் இருபது கிலோமீட்டருக்குப் பாட்டிலில் ஒரு கோடுகூடக் குறையவில்லை. நாற்பதாவது கிலோமீட்டரில் அதைக் கழற்றி வேறு பாட்டில் மாட்டினாள். அதற்குப் பிறகு அவள் மேலே பார்க்கவே இல்லை. வாடைக்கு மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆற்றுத் துறையில் ஒரு டாக்டர் காத்திருந்தார். கர்னலின் மார்பில் காது வைத்தார், நிமிர்ந்தார், தொப்பியைக் கழற்றினார். பிறகு கம்பியில் தொங்கிய பாட்டிலைப் பார்த்தார். கழுத்துவரை நிறைந்து, இளஞ்சிவப்பாய்க் கலங்கி, உள்ளே ஒரு கறி நார் மிதந்துகொண்டிருந்தது.

“எத்தனை பாட்டில் ஏத்தினீங்க, சார்ஜண்ட்? இது என்ன மருந்து?”

“ரெண்டு, டாக்டர்” என்றாள் நிமியா. “ரெண்டாவதைக் காலியாத்தான் மாட்டினேன்.”