கிணற்றுச் சுவரில் நடந்தவளின் அம்மா

பிள்ளை உயரத்தில் நடந்தால் கூப்பிடுவதா, வாய்மூடி நிற்பதா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

கிருமாம்பாக்கத்தில் நான் வந்த பேருந்தில் ஏறிய இரண்டு பெண்கள், உயரமான கட்டடங்களுக்கு நடுவே கம்பிமேல் நடந்த ஒருவனைப் பற்றிய ஆவணப்படம் குறித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அவங்கம்மா இன்னா பண்ணிகினு இருந்தாளாம்?”

“அத வுடுக்கா. அந்தப் படத்தப் பாத்துட்டு எம்பொண்ணு கெணத்துச் செவுருமேல நடக்குறா.”

“ஐயய்யோ! நீ கத்தலியா?”

“கத்துனா திரும்பிப் பாப்பாளே! எறங்குற வரிக்கும் மூச்சே வுடல. அப்பறம் முதுவுல ரெண்டு வச்சேன்.”

“அழுதாளா?”

“எங்க? ‘நீ சும்மா பாத்துகினு இருந்தியே, ஒனக்குப் புடிச்சிருக்குன்னு நெனச்சேன்’றா. சாயங்காலம் மறுபடியும் நடந்து காட்டுறாளாம்!”

என் மகள் இப்போதுதான் ஜன்னல் கம்பியில் ஏறப் பழகியிருக்கிறாள். இப்படி நின்ற அம்மாக்கள் யாராவது இருந்தால், என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.