ரஹ்மானின் மூக்கு

கொத்தமல்லியையும் பார்ஸ்லி என்ற சீமை இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் ஒரு நிமிடம் தடுமாறத்தான் செய்வார்கள். மல்லி இலையின் ஓரம் உருண்டிருக்கும், நிறம் கொஞ்சம் இளசு. பார்ஸ்லி கூரான இலை, கரும்பச்சை. இவ்வளவு பார்க்கக்கூட வேண்டியதில்லை. கசக்கி முகர்ந்தால் விஷயம் முடிந்தது.

அப்துல் ரஹ்மானுக்கு மூக்கு இருந்தது, வாசனை தெரியாது. பட்டுக்கோட்டை வட்டாரத்தில் கல்யாண பிரியாணி ஆக்கும் பண்டாரி அவன்தான். ஒருநாள் தென்னையிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டு, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். எழுந்து வந்தபோது வாசனை போய்விட்டிருந்தது. மீன்கூடையும் அத்தரும் அவனுக்கு ஒன்றுதான். தொழில் போய்விடுமே என்று பெண்டாட்டி நஜ்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கூடவே சமைக்கும் என்னிடம் மட்டும் சொன்னான்.

மூன்று வருஷம் நான்தான் அவன் மூக்கு. "யூசுபு, இஞ்சி பச்சை வாடை போயிடுச்சா?" என்று காதோடு கேட்பான். "போயிடுச்சு, தக்காளியப் போடு" என்பேன். பந்தி முடிந்ததும் பெண் வீட்டார் வந்து அவன் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் அண்டா கழுவிக்கொண்டிருப்பேன். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றேழில் ஷார்ஜா ஓட்டல் ஒன்றுக்கு ஒரே ஒரு சமையல்காரரைத் தேர்ந்தெடுக்க, தஞ்சாவூர் லாட்ஜில் ஒருவர் வந்து தங்கியிருந்தார். நாங்கள் இருவருமே பெயர் கொடுத்தோம். ஊட்டியிலிருந்து இலைகளை வரவழைத்துப் பெயர் கேட்பார்கள் என்று தெரிந்ததும் ரஹ்மான் பயந்துபோனான். நான் மெட்ராஸில் பெரிய ஓட்டலில் இருந்தவன், இந்த இலையெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் என்னிடம், முகராமல் பார்த்தே கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடு என்றான். நானும் சந்தையில் கிடைத்ததைக் காட்டி, கிடைக்காததைப் படம் போட்டு, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் சரியாகத்தான். மல்லி, பார்ஸ்லி இரண்டை மட்டும் மாற்றிச் சொன்னேன்.

"நம்ம மல்லி உருண்டையால்ல இருக்கும்?" என்று கேட்டான்.

"அந்த ஆளு கேக்குறது அரபு நாட்டு மல்லி, மச்சான். அது கூராத்தான் இருக்கும்."

லாட்ஜில் அப்படியே பெயரை மாற்றிச் சொன்னான். வந்தவர் சிரித்துவிட்டார். பிறகு ஆளுக்கு ஒரு பிரியாணி ஆக்கச் சொன்னார்கள், தனித்தனியாக. என் மூக்கு பக்கத்தில் இல்லாமலே ரஹ்மான் ஆக்கினான். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவர் சொன்னார்: "எலை பேரு அங்க வந்து கத்துக்கலாங்க. இந்தக் கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்?"

திரும்பி வரும் பஸ்ஸில் ரஹ்மான் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். "நீ ஒழுங்காத்தான் சொல்லிக்குடுத்தே. எனக்குத்தான் மண்டையில ஏறல." நல்ல மனுஷன். நான் ஜன்னல் வழியே நாற்று நடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்று வருஷமாக அவனுக்கு நான் தேவையே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவன் விமானம் ஏறப் பத்து நாள் இருக்கும்போது பேராவூரணியில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் விறகடுப்பை எடுத்துவிட்டுப் புதிதாக கேஸ் அடுப்பு போட்டிருந்தார்கள். காலையில் சமையல்கட்டுக்குள் நுழைந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. குழாய் எங்கோ விட்டு கேஸ் கசிந்திருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. நான் திறக்கவில்லை.

ரஹ்மான் தீப்பெட்டியோடு வந்தான்.

"ஏதும் வாடை வருதா, யூசுபு?"

"மல்லி வாடைதான். நீ பத்த வை, நான் வாழையிலைக் கட்ட எறக்கிட்டு வந்துடறேன்."

வெளியே வண்டி வரைக்கும் அவசரப்படாமல்தான் நடந்தேன். உள்ளே அவன் ஒருவன்தான். வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விபத்து என்று முடித்தார்கள். அவன் இடத்துக்கு ஷார்ஜாவிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பதினான்கு வருஷம் இருந்தேன். நல்ல ஊர்.

மய்யித்தை அடக்கிவிட்டு வந்தபோது நஜ்மா என்னிடம் கேட்டாள்: "அண்ணே, அவ்வளவு கேஸ் நெறஞ்சிருக்கே, அவருக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"தூக்கக் கலக்கமா இருந்திருக்கும்மா" என்றேன். மூக்கு விஷயத்தைப் பற்றி நான் வாய்திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். என்னை நம்பி ஒருவன் சொன்ன ரகசியம், அது இப்படி வெளியே போகும்படி ஆகிவிட்டதே என்பது ஒன்றுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.