மக்களோடு மக்களாக

"அந்த மனிசன் கடைசிச் சண்டைக்குள்ளை எங்கை இருந்தவர் எண்டு முதல் சொல்லும். பிறகு வாசிக்கிறன்."

பேருந்தில், என் முன் இருக்கையிலிருந்த அக்கா சத்தம் போட்டார். பக்கத்தில் இருந்த தம்பியின் மடியில் நினைவு மலருக்கு எழுதிய தாள்கள். போன மாதம் காலமான தமிழ் அரசியல் தலைவர் ஒருவருக்கு ஞாயிறன்று மாதா கோயில் மண்டபத்தில் முப்பத்தோராம் நாள் கூட்டமாம். அவருடைய வாழ்க்கை வரலாற்றை அக்காதான் வாசிக்க வேண்டுமாம்.

"எல்லாம் இருக்குதக்கா. படிச்ச பள்ளிக்கூடம், மூண்டு தரம் எம்பியா இருந்தது..."

"சண்டைக் காலத்துக்கு மட்டும் இடம் விட்டு வைச்சிருக்கிறீர்."

"அவரின்ரை வீட்டு ஆக்களைக் கேட்டனான். ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை."

"சனத்தை விட்டிட்டுப் போகமாட்டன் எண்டு ரேடியோவிலை கதைச்சவர். நம்பி இருந்தனாங்கள்."

"செத்த மனிசன், அக்கா. நினைவு மலரிலை நல்லதைத்தானே போடுறது."

தம்பி பேனாவால் ஒரு வரி எழுதி வாசித்துக் காட்டினார். "போர்க்காலத்தில் மக்களோடு மக்களாக நின்றார். இப்ப சரியோ?"

"எந்த மக்களோடை? ஷெல்லடிக்குப் பயந்து எங்கடை பங்கர்க் குழிக்குள்ளை ஒன்பது பேர் இருந்தனாங்கள். ஆறு பேர்தான் வெளியிலை வந்தனாங்கள். அவரை நான் அங்கை காணேல்லை."

"அதை எழுதேலாது, அக்கா."

"எழுத வேண்டாம். அந்த வரி வரேக்கை நான் நிப்பாட்டுவன். சனத்துக்கு முன்னாலை நீர் எழும்பி அதை வாசியும்."