பாய்லர் பஞ்சு மெத்தை

சோழவந்தான் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் பழைய இரும்புக்கடை ஆட்கள் இருவர். “என் மச்சானுக்கு வந்தது அம்மையே இல்லண்ணே” என்று இளையவர் கிசுகிசுத்ததும் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“பின்ன என்னடா?”

“லாட்ஜு வெந்நீர் பாய்லர உடைச்சோம்ல? செம்பு எடுக்க உரிச்சுப் போட்ட மஞ்சப் பஞ்சை அள்ளிட்டுப் போயி மெத்த தச்சேன். தங்கச்சி புருசன் தலதீபாவளிக்கு வாராரேன்னு.”

“அடப்பாவி, அது கண்ணாடிப் பஞ்சுடா! உரிக்கையிலயே கை அரிக்கல?”

“அரிச்சுச்சு. லாட்ஜு மூட்டப்பூச்சின்னு நெனச்சேன்.”

“சரி, மாப்ளைக்கு என்ன ஆச்சு?”

“எந்திரிச்சா மேலெல்லாம் செவசெவன்னு தடிப்பு. எங்கம்மா கன்னத்துல போட்டுக்கிட்டு வாசல்ல வேப்பிலை கட்டிருச்சு. மூணு தண்ணி ஊத்தாம ஊருக்கு அனுப்ப மாட்டாகளாம்.”

“உண்மையச் சொல்லித் தொலைய வேண்டியதுதான?”

“எப்படிண்ணே? குப்பையில படுக்க வச்சாங்கன்னு தங்கச்சிய விட்டுட்டுப் போயிருவாரே!”

பெரியவர் தலையைச் சொறிந்தார். “இப்ப எதுலடா படுத்திருக்காரு?”

“அதே மெத்தையிலதாண்ணே. ஆத்தா எறங்க மாட்டேங்குறாளேன்னு எங்கம்மா வெரதம் இருக்கு.”